வெயில் மாறாது, விகிதம் மாறும்: கூரை சோலாரும் நெட்வொர்க் கட்டணமும்

போன மாசியில் ஒரு சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கையில் இரண்டு காகிதத்தோடு வந்தார். கெலவரப்பள்ளி அணைக்குக் கொஞ்சம் தள்ளி அவருக்கு மூன்றரை ஏக்கர். ராகி, நிலக்கடலை, அவரை. ஆறு வருஷமாக ரசாயனம் தொடாதவர். கடலையை மூட்டையாக விற்றால் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்று, தோட்டத்திலேயே ஒரு ஷெட் போட்டு மரச்செக்கும் சிறுதானியம் உமி நீக்கும் மிஷினும் வைக்கலாம் என்று ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

"சார், நீங்க பேங்க்ல இருந்தவரு. இதுல எது நெசம்னு பார்த்துச் சொல்லுங்க."

முதல் காகிதம் ஒரு சோலார் நிறுவனத்தின் விலைப்பட்டியல். ஷெட் கூரையில் 10 கிலோவாட், ஆறு லட்சம் ரூபாய். அடியில் பெரிய எழுத்தில், "இனி மின்கட்டணம் பூஜ்யம், மிச்ச மின்சாரத்தை விற்று வருமானம்" என்று போட்டிருந்தது. இரண்டாவது காகிதம் ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவருடைய மச்சானின் கரண்ட் பில். மச்சான் ஏற்கெனவே கூரையில் சோலார் போட்டவர். அந்தப் பில்லில் 'நெட்வொர்க் கட்டணம்' என்று ஒரு வரியில் ஆயிரக்கணக்கில் தொகை இருந்தது.

"கூரை அவங்களது, பேனல் அவங்களது, வெயில் சாமி குடுத்தது. அப்புறம் எதுக்கு சார் காசு?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்குத்தான் தமிழ்நாட்டில் நாலைந்து வருஷமாக ஆணையத்திலும் நீதிமன்றத்திலும் தெருவிலும் சண்டை நடக்கிறது. நம் மாதிரி இயற்கை விவசாயிகள் மதிப்புக்கூட்டல் என்று கிளம்பும் நேரத்தில், பணத்தைக் கூரையில் போடுவதற்கு முன்னால் இதைப் புரிந்துகொள்வது நல்லது. முப்பத்து மூன்று வருஷம் கடன் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

கம்பியில் என்ன நடக்கிறது?

கிரிட்டோடு இணைந்த சோலாரில் பேட்டரி கிடையாது. பகலில் பேனல் தரும் மின்சாரத்தை இன்வர்ட்டர் வீட்டுக் கரண்டாக மாற்றுகிறது. அந்த நேரத்தில் வீட்டில் ஓடும் மோட்டார், ஃபிரிட்ஜ், மிக்ஸி முதலில் அதை எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருந்தால் மீட்டர் வழியாக வெளியே ஈ.பி. லைனுக்குப் போகும். ராத்திரி நமக்கு வேண்டும்போது லைனிலிருந்து உள்ளே வரும். போனதையும் வந்ததையும் தனித்தனியாக எண்ணுவதுதான் இருவழி மீட்டர்.

ஆக நம் கூரையில் விளைவதில் இரண்டு வகை யூனிட் உண்டு. ஒன்று, விளைந்த அதே நிமிடம் நாமே தின்றுவிட்டது. அது தெருக் கம்பியைத் தொடவே இல்லை. இன்னொன்று, லைனுக்குப் போனது. இந்த இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தகராறும் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம், பலர் பேனல் மாட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். லைனில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும், மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலாக இருந்தாலும் சரி. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக இன்வர்ட்டரே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்துக்குத்தான் சோலார் வேண்டும் என்றால், பேட்டரியோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும். அது வேறு செலவு.

நான் பட்டது

மூன்று வருஷம் முன்னால் என் வீட்டுக் கூரையில் 2 கிலோவாட் போட்டேன். மாட்டிக்கொடுத்த நிறுவனத்தின் ஆட்கள் வேலை முடிந்த அன்றைக்கே சுவிட்சைப் போட்டுவிட்டு, "மீட்டர் பின்னாடி வரும் சார், இப்பவே ஓடட்டும், வீணாகக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த பில் வழக்கத்தைவிட அதிகமாக வந்தது. பழைய ஒருவழி மீட்டருக்குத் திசை தெரியாது; வெளியே போன யூனிட்டையும் நான் செலவழித்ததாகவே எண்ணிவிட்டது. ஊருக்கு மின்சாரம் கொடுத்ததற்கு நானே காசு கட்டினேன். இருவழி மீட்டர் மாட்டிய பிறகுதான் கணக்கு நேரானது. இன்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, மீட்டர் மாறும் வரை சுவிட்சைத் தொடாதீர்கள் என்பதுதான்.

வீட்டுக்கு லாபமா?

வீட்டு இணைப்புக்குத் தமிழ்நாட்டில் நிகர அளவீடு, அதாவது நெட் மீட்டரிங் உண்டு. வெளியே போன ஒரு யூனிட்டுக்கு உள்ளே வந்த ஒரு யூனிட் கழியும். பகலில் போட்டு ராத்திரி எடுத்துக்கொள்ளும் சேமிப்புக் கணக்கு மாதிரி.

ஆனால் எல்லா வீட்டுக்கும் இது லாபம் இல்லை. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படி ஏற ஏற விகிதம் ஏறும். 2022 செப்டம்பர் 10 முதல் வந்த விகிதத்தை வைத்து ஒரு கணக்கு போடுவோம். பிறகு 2024 ஜூலையில் இன்னும் கொஞ்சம் ஏறியது, ஆனால் கணக்கின் போக்கு மாறவில்லை.

இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் ஓடும் வீடு. 500ஐத் தாண்டியதால் 101 முதல் 400 வரை யூனிட்டுக்கு 4.50 ரூபாய், 500 வரை 6, 600 வரை 8, அதற்கு மேல் 800 வரை 9. மொத்தம் 2,930 ரூபாய். இந்த வீட்டில் 2 கிலோவாட் போட்டால், கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்று வைத்து, 60 நாளில் 480 யூனிட். மிச்சம் 140 யூனிட்டுக்குத்தான் பில். 500க்குக் கீழே வந்துவிட்டதால் 101 முதல் 200 வரை 2.25 ரூபாய் விகிதம். 40 யூனிட்டுக்கு 90 ரூபாய். ஒரு பில்லில் 2,840 ரூபாய் மிச்சம், வருஷத்துக்கு 17,000.

மத்திய அரசின் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில், 2024 பிப்ரவரி முதல், 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம். கிலோவாட் 60,000 என்று வைத்தால் 2 கிலோவாட்டுக்கு மானியம் போகக் கைக்காசு 60,000. மூன்றரை வருஷத்தில் போட்டது திரும்பிவிடும்.

இப்போது 300 யூனிட் ஓடும் வீட்டைப் பாருங்கள். பில் 675 ரூபாய்தான். 1 கிலோவாட் போட்டு அதை முழுக்க இல்லாமல் செய்தாலும் வருஷத்துக்கு 4,050. கைக்காசு 30,000 திரும்ப ஏழு வருஷத்துக்கு மேல். 200 யூனிட் வீடு என்றால் பில்லே 225 ரூபாய். அங்கே 30,000 திரும்ப இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். நம் கிராமத்து வீடுகள் பாதிக்கு மேல் இந்த வகை. அவர்களிடம் போய் "பூஜ்யம் பில்" என்று விற்பவரை வாசலிலேயே நிறுத்தி, போன ஆறு பில்லையும் எடுத்துக் காட்டுங்கள்.

ஒரே கூரைக்குப் பத்து வருஷத்தில் எத்தனை விதி

பேனல் 25 வருஷம் உழைக்கும். விதி எத்தனை வருஷம் நிற்கிறது என்று பார்ப்போம்.

2012இல் தமிழ்நாடு தன் முதல் சூரிய மின்சக்திக் கொள்கையை அறிவித்தது. 2013 நவம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிகர அளவீட்டுக்கு வழி செய்தது. யூனிட்டுக்கு யூனிட் கழிவு. 2019 பிப்ரவரியில் புதுக் கொள்கை. அதையொட்டி மார்ச்சில் வந்த ஆணையின்படி வெளியே போகும் யூனிட் இனி யூனிட்டாகக் கழியாது. அதற்கு ஒரு விலை, 2 ரூபாய் 28 காசு. ராத்திரி நாம் எடுக்கும் யூனிட்டுக்கு நம் படி விகிதம். பகலில் இரண்டே கால் ரூபாய்க்குக் கொடுத்து ராத்திரி ஆறு ரூபாய்க்கு வாங்கு என்றால் யார் போடுவார்? வீட்டுக்காரர்கள் பின்வாங்கினார்கள்.

2021 அக்டோபர் 22இல் ஆணையம் மறுபடி ஒரு ஆணை போட்டது. வீடுகளுக்கு நிகர அளவீடு திரும்பி வந்தது. மற்ற இணைப்புகளுக்கு, கடை, பட்டறை எல்லாவற்றுக்கும், வெளியே போகும் யூனிட்டுக்கு விலை மட்டும். அதோடு புதிதாக ஒன்றும் வந்தது. அதுதான் நெட்வொர்க் கட்டணம்.

டெல்லியிலும் இதே ஆட்டம்தான். 2020 டிசம்பரில் மத்திய மின்துறை வெளியிட்ட நுகர்வோர் உரிமை விதிகள் நிகர அளவீட்டை 10 கிலோவாட்டோடு நிறுத்தின. எதிர்ப்பு கிளம்பியதும் 2021 ஜூனில் அதை 500 கிலோவாட் வரை உயர்த்தினார்கள். ஆறே மாதத்தில் ஒரு விதி ஐம்பது மடங்கு மாறியது!

எதற்கு இந்தக் கட்டணம்?

நெட்வொர்க் கட்டணம் வெளியே போகும் யூனிட்டுக்கு மட்டும் இல்லை. கூரையில் விளையும் எல்லா யூனிட்டுக்கும் போடப்பட்டது. நாமே தின்று, கம்பியைத் தொடாத யூனிட்டுக்கும் சேர்த்து. 2021இல் தாழ்வழுத்த இணைப்புக்கு யூனிட்டுக்கு 1 ரூபாய் 27 காசு, உயரழுத்தத்துக்கு 83 காசு என்று தொடங்கியது. 2023இல் தாழ்வழுத்தத்துக்கு 1 ரூபாய் 53 காசு ஆனது.

மச்சானின் பட்டறைக் கூரையில் 40 கிலோவாட். மாதம் ஏறக்குறைய 4,800 யூனிட். 1.53 விகிதத்தில் 7,344 ரூபாய். அவருக்குச் சோலாரால் யூனிட்டுக்கு மிச்சமாவது ஏழரை ரூபாய் வாக்கில். அதில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு வரியில் போய்விட்டது. அவர் கடன் வாங்கும்போது போட்ட கணக்கில் இந்த வரி இல்லை. தவணை மட்டும் மாறாமல் நிற்கிறது.

ஓசூர் மாதிரி ஊரில் இது ஒருவர் கதை இல்லை. பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்து தரும் சின்னப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2022இல் சிறுதொழில்களின் நிலைக்கட்டணம் ஏறியது. மாலை நேர உச்சக் கட்டணம் வந்தது. அதைச் சமாளிக்கத்தான் பலர் கூரையில் பேனல் போட்டார்கள். அதற்கும் கட்டணம் என்றதும் பொறுமை போய்விட்டது. 2023 செப்டம்பர் 25 அன்று தமிழ்நாடு முழுக்கச் சிறு, குறு தொழில்கூடங்கள் ஒரு நாள் கதவடைத்தன. அதற்குப் பிறகு சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு நெட்வொர்க் கட்டணம் பாதியாகக் குறைக்கப்பட்டது. மச்சான் கணக்கில் 7,344 என்பது 3,672 ஆனது. வாயைத் திறந்து கேட்டதால் வந்தது அந்தப் பாதி.

இரண்டு பக்கமும் கேட்போம்

மின்வாரியத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல். கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், துணைமின் நிலையம், லைன்மேன் சம்பளம் எல்லாம் நாம் யூனிட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் செலவுதான். மேல் படி விகிதம் கட்டுகிறவர்கள்தான் முதலில் சோலாருக்குப் போகிறார்கள். அவர்கள் போனால் அந்தச் செலவு யார் தலையில் விழும்? சொந்தக் கூரை இல்லாத வாடகை வீட்டுக்காரர் தலையில். அதுவும் சோலார் வீட்டுக்காரர் மத்தியானம் கொடுத்துவிட்டு, ஊரே விளக்குப் போடும் ஏழு மணிக்குத் திருப்பிக் கேட்கிறார். அந்த நேரத்து மின்சாரம் வாரியத்துக்கு விலை அதிகம். மேலே சொன்ன மாதிரி லைன் இல்லாவிட்டால் நம் இன்வர்ட்டரும் ஓடாது. அதுவும் ஒரு சேவைதான்.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கு ஒரு கேள்வி நிற்கிறது. வங்கிக் கணக்கை வைத்தே சொல்கிறேன். நான் வங்கியில் பணம் போட்டு, வேண்டும்போது எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு சேவைக் கட்டணம் கேட்டால் எவ்வளவு என்று பேசலாம். கட்டணமே கூடாது என்று சொல்ல முடியாது. ஆனால் என் வீட்டு உண்டியலில் போட்டு நானே எடுத்துச் செலவழித்த பணத்துக்கும் வங்கி கட்டணம் கேட்டால்? கம்பியைத் தொடாத யூனிட்டுக்கு நெட்வொர்க் கட்டணம் என்பது உண்டியல் கட்டணம்தான்.

லைன் தயாராக நிற்பதற்கு விலை வேண்டும் என்றால், அதற்குத்தான் நிலைக்கட்டணம் இருக்கிறது. பட்டறைக்காரர் கிலோவாட் கணக்கில் மாதாமாதம் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஒரே லைனுக்கு இரண்டு தடவை வாடகை. வீட்டு இணைப்புக்கு 2022இல் நிலைக்கட்டணம் எடுக்கப்பட்டுவிட்டது என்பதால், வீட்டில் பெரிய அளவில் சோலார் போட்டவரிடம் ஏதோ ஒரு தொகை கேட்பதில் நியாயம் இருக்கலாம். அதையும் வெளியே போன யூனிட்டின் மேல் கேட்கட்டும். பில்லில் இரண்டு எண்ணையும் தனித்தனியாகக் காட்டட்டும். கம்பியைப் பயன்படுத்தியவன் பயன்படுத்திய அளவுக்குக் கொடுக்கட்டும். நம் இயக்கம் ஆணையத்தின் முன் வைக்க வேண்டிய கோரிக்கை இதுதான் என்பது என் எண்ணம்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் கடலுக்கு அந்தப் பக்கமும்

நமக்கு அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகா. அங்கே 2013இல் ஆணையம் கூரை சோலாருக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய் 56 காசு என்று விலை வைத்தது. மானியம் வாங்கியவருக்கு 7.20. அப்போதே ஒப்பந்தம் போட்டவர்களுக்கு 25 வருஷத்துக்கு அந்த விலை. பேனல் விலை இறங்க இறங்க, பின்னால் வந்தவர்களுக்கு விலையும் இறங்கி 4 ரூபாய் வாக்குக்கு வந்தது. இதில் ஒரு நியாயம் உண்டு. புதிதாக வருபவருக்குப் புது விலை. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவருக்குப் பழைய விலை.

அமெரிக்காவில் நெவாடா மாநிலம் 2015 டிசம்பரில் இதை மீறியது. பழையவர், புதியவர் எல்லோருக்கும் சேர்த்து நிலைக்கட்டணத்தை ஏற்றி, வெளியே போகும் யூனிட்டின் மதிப்பைக் குறைத்தது. ஊரே கொதித்தது, 2017இல் சட்டம் போட்டுத் திருத்தினார்கள். கலிஃபோர்னியா 2023 ஏப்ரலில் வெளியே போகும் யூனிட்டின் மதிப்பை ஏறக்குறைய கால் பங்காக்கியது. அங்கே பழைய இணைப்புகளைத் தொடவில்லை. புதிதாகப் போடுபவர்கள் பேட்டரியோடு சேர்த்துப் போட ஆரம்பித்தார்கள்.

எல்லா ஊரிலும் பாடம் ஒன்றுதான். வெயில் மாறாது, வெளியே போகும் யூனிட்டின் விலை மாறும், அதுவும் பெரும்பாலும் கீழ்நோக்கி. கையெழுத்துப் போட்ட தேதிக்கு மதிப்பு இருக்கிறதா என்பதுதான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

தோட்டத்து மோட்டார்

"அப்ப பம்புசெட்டுக்கு?" என்று கேட்பீர்கள். இலவச மின்சாரம் உள்ள கிணற்றுக்குச் சோலார் போட்டால் மிச்சப்படுத்த நமக்குப் பில்லே கிடையாது. இணைப்புக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவருக்கு, லைன் சேராத சோலார் பம்பு மானியத்தில் கிடைப்பது நல்ல வழி. லைனோடு சேர்ந்த பம்பு என்றால், மிச்ச மின்சாரத்துக்கு நல்ல விலை இருந்தால்தான் அர்த்தம்.

குஜராத்தில் கேடா மாவட்டம் துண்டி என்ற கிராமத்தில் 2016இல் ஆறு விவசாயிகள் சேர்ந்து சோலார் பாசனக் கூட்டுறவு தொடங்கினார்கள். பாசனம் போக மிச்ச மின்சாரத்தை யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு 25 வருஷத்துக்கு விற்க ஒப்பந்தம். ஒரு ஆராய்ச்சி நிறுவனம் மேலே ஊக்கத்தொகையும் சேர்த்துக் கொடுத்தது. விலை நிச்சயம் என்றதும் மோட்டாரைச் சும்மா ஓடவிட மனசு வராது, தண்ணீரும் மிஞ்சும். ஆயிரம் அடிக்கு போர் போட்டும் காற்று வரும் நம் பக்கத்துக்கு இது யோசிக்க வேண்டிய வழி.

செக்கு ஷெட்டுக்கு என்ன சொன்னேன்

பக்கத்துத் தோட்டத்துக்காரர் விஷயத்துக்கு வருவோம். செக்குக்கும் மிஷினுக்கும் விவசாய இலவச இணைப்பை இழுக்கக்கூடாது. தனி இணைப்பு வேண்டும். அது வீட்டு இணைப்பு இல்லை. ஆக நிகர அளவீடு இல்லை, பிரதமர் திட்ட மானியமும் இல்லை. வெளியே போகும் யூனிட்டுக்கு விலை மட்டும்.

கணக்குக்காக, உள்ளே தின்னும் யூனிட் 7 ரூபாய் மிச்சப்படுத்துகிறது, வெளியே போகும் யூனிட்டுக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். செக்கும் மிஷினும் பகலில் ஐந்து மணி நேரம் ஓடினால் 18 யூனிட். 10 கிலோவாட் போட்டால் நாளைக்கு 40 யூனிட் விளையும்: 18 உள்ளே, 22 வெளியே, மொத்தம் 192 ரூபாய். 5 கிலோவாட் போட்டால் 20 யூனிட்: காலை மாலை மங்கல் போக 16 உள்ளே, 4 வெளியே, மொத்தம் 124 ரூபாய். முதல் மூன்று லட்சம் நாளைக்கு 124 சம்பாதிக்கிறது. அடுத்த மூன்று லட்சம் வெறும் 68.

நாளைக்கு வெளி விலை 2 ரூபாயாகக் குறைந்தால்? முதல் 5 கிலோவாட்டின் வரவு 124இலிருந்து 120. அடுத்த 5 கிலோவாட்டின் வரவு 68இலிருந்து 50. கொள்கை எப்படி மாறினாலும் முதல் பாதி தாங்கும். அடி விழுவது இரண்டாவது பாதியில்தான்.

இது நமக்குத் தெரியாத பாடம் இல்லை. மூட்டை உரம் மலிவாகக் கிடைத்த காலத்தில் அதை நம்பி நிலத்தை மாற்றியவர்கள், விலை ஏறியபோது என்ன பட்டார்கள் என்று பார்த்துத்தானே நாம் இந்தப் பக்கம் வந்தோம். வெளியே யாரோ வைக்கும் விலையை நம்பிப் போடும் பேனலும் அந்த மாதிரிதான்.

போடுவதற்கு முன்னால்

• போன ஒரு வருஷத்துப் பில்லைச் சேர்த்து, எத்தனை யூனிட் எந்தப் படியில் போகிறது என்று பாருங்கள். மேல் படி இல்லை என்றால் அவசரப்பட வேண்டாம்.

• உங்கள் இணைப்பு எந்த வகை, வெளியே போகும் யூனிட் கழியுமா, விலையா, நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை வருஷம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்பவரின் வாய்ச்சொல் கணக்கில் சேராது.

• பகலில் ஓட்டக்கூடியதை எல்லாம் பகலுக்கு மாற்றுங்கள். செக்கு, மாவு அரைப்பது, தண்ணீர் ஏற்றுவது எல்லாம் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள்.

• வீட்டுக்கு 10 கிலோவாட் வரை விண்ணப்பம் கொடுத்தால், லைன் தாங்குமா என்ற ஆய்வு இல்லாமலே ஏற்க வேண்டும் என்று 2024இல் மத்திய விதி திருத்தப்பட்டது. 5 கிலோவாட் வரை லைனைப் பலப்படுத்தும் செலவும் மின் நிறுவனத்தோடது. உங்களிடம் கேட்டால் இந்த விதியைச் சொல்லுங்கள்.

• பில்லில் புரியாத வரி வந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையா, மின்பகிர்மான வட்டத்தில் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர்.

• கட்டணத்தை மாற்றுவதற்கு முன் ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். மில் சங்கமும் தொழில் சங்கமும் ஒவ்வொரு முறையும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். விவசாயிகள் பக்கத்திலிருந்து போகும் கடிதம் குறைவு.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 1970இல் நான் பள்ளிச் சிறுவன். யூனிட்டுக்கு ஒரு பைசாவைக் குறைக்கச் சொல்லி விவசாயிகள் போராடினார்கள். ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரைக் கொடுத்தார்கள். இன்று நம் பம்புசெட்டு இலவசமாக ஓடுவது அங்கே தொடங்கியதுதான். ஒரு பைசாவைக் கணக்கில் எடுத்துக்கொண்டவர்களின் பிள்ளைகள் நாம். 1 ரூபாய் 53 காசு என்று ஒரு வரி வரும்போது அது எதற்கு என்று கேட்க நமக்குக் கூச்சம் வேண்டாம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் விலைப்பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 5 கிலோவாட்டுக்குப் புதிதாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். 'மின்கட்டணம் பூஜ்யம்' என்ற வரியை எடுத்துவிட்டு, நெட்வொர்க் கட்டணத்தைத் தனி வரியாகக் காட்டிக் கணக்குப் போடச் சொன்னாராம். மிச்சமான மூன்று லட்சத்தில் கடலை காயப்போட ஒரு நல்ல களமும், மூட்டை அடுக்க மேடையும். செக்கு ஐப்பசிக்குள் வந்துவிடும். "சாயங்காலம் ஆட்டுறது இல்ல சார், வெயில் இருக்கறப்பதான்" என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். மச்சானும் தன் பில்லோடு ஆணையத்துக்கு ஒரு கடிதம் தயார் செய்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதப் போகிறோம்.